சாய்ந்த சுவர்

அல்ஹம்துலில்லாஹ். புகழ் அனைத்தும் அல்லாஹ்வுக்கே. ஸலாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான கண்மணி நாயகம் ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்கள் மீதும், அவர்களுடைய குடும்பத்தார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக.



போன வாரம் அஸர் தொழுகைக்குப் பிறகு நம் ஜமாஅத்தைச் சேர்ந்த மூன்று பேர் ஒரு மஸ்அலா கேட்டு வந்தார்கள். போடிமெட்டுக்கு மேலே, எல்லை தாண்டி, ஒரு ஏலத்தோட்டத்துச் சரிவில் நாலு காட்டேஜ் கட்டப் போகிறார்கள். இடம் ஒருவருடையது, பணம் ஒருவருடையது, உழைப்பு ஒருவருடையது. லாபத்தை எப்படிப் பிரிக்க வேண்டும், நஷ்டம் வந்தால் யார் தலையில், வட்டி எந்த வழியிலும் உள்ளே வந்துவிடக் கூடாதே என்று ஒவ்வொன்றாகக் கேட்டார்கள். மனசுக்குச் சந்தோஷமாக இருந்தது. இந்தக் காலத்தில் இப்படிக் கேட்டு வருகிறவர்கள் குறைவு. முழாரபாவின் சட்டங்களைச் சொன்னேன், எழுதிக்கொண்டார்கள்.

பிறகு இடத்தின் படத்தை போனில் காட்டினார்கள். நல்ல இடம். மேலே பாறை, நடுவில் காட்டேஜ், கீழே ஓடைப் பக்கமாக ஒரு தகர ஷெட்.

"அந்த ஷெட் யாருக்கு?" என்று கேட்டேன்.

"வேலைக்கு வர்றவங்க படுக்கறதுக்கு ஹஸ்ரத்" என்றார்கள்.

"மேலே இருக்கிற மண் மழைக்கு நிற்குமா என்று யாரிடமாவது காட்டினீர்களா?"

மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் மட்டும், "அதெல்லாம் அல்லாஹ் பார்த்துக்குவான் ஹஸ்ரத்" என்றார்.

இன்றைய பயான் அந்த ஒரு பதிலைப் பற்றியதுதான்.

சகோதரர்களே! பெட்டிமுடியை நாம் அதற்குள் மறந்துவிட்டோமா? 2020 ஆகஸ்ட் 6, வியாழக்கிழமை இரவு பத்தரை மணிக்கு மேல். மூணாறு ராஜமலைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்கள். அன்று ஒரே நாளில் 600 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. மலை உச்சிப் பக்கம் பிளந்து, பாறையும் மண்ணும் தண்ணீருமாக இறங்கி, உறங்கிக்கொண்டிருந்த மக்களை லயங்களோடு மூடியது. 70 பேர். 66 உடல்கள் கிடைத்தன. நான்கு பேர் கிடைக்கவே இல்லை. பெரும்பாலோர் தமிழ் பேசும் உழைப்பாளிகளும் அவர்கள் குடும்பத்தாரும். நிறையப் பேருக்குக் கயத்தாறுப் பக்கம் சொந்த ஊர். மின்சாரம் இல்லை, செல்போன் சிக்னல் இல்லை. செய்தி வெளியே வரவே மறுநாள் காலை ஆகிவிட்டது. பெரியவரையில் தற்காலிகப் பாலத்தை ஆறு கொண்டுபோயிருந்ததால் மீட்கப் போனவர்களும் தாமதப்பட்டார்கள்.

இங்கிருந்து மூணாறு 70 கிலோமீட்டருக்குள்தான். நம் ஊர் ஜீப்புகள் தினமும் ஏறி இறங்குகிற அதே மலைத்தொடர்தான்.

நான்கு வருடம் கழித்து, 2024 ஜூலை 30 அதிகாலையில் வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும். 250-க்கும் அதிகமானோர் போனார்கள். அங்கே அது முதல் தடவை அல்ல. 1984-லேயே முண்டக்கையில் மலை சரிந்து உயிர்ப்பலி ஆகியிருக்கிறது. 2019-ல் அதே மலைப்பகுதியில், கொஞ்ச தூரத்தில் இருக்கும் புத்துமலை சரிந்து 17 பேர் போனார்கள். மலை சத்தம் போட்டுத்தான் சொல்லியிருக்கிறது.

இறந்தவர்களைப் பற்றி நாக்கை அடக்கிப் பேச வேண்டும். இது அவர்கள் மீது இறங்கிய தண்டனை என்று சொல்ல உங்களுக்கும் எனக்கும் எந்த உரிமையும் இல்லை. நம் நபி (ஸல்) அவர்கள், ஈமானோடு இருப்பவர் இடிபாட்டில் சிக்கியோ வெள்ளத்தில் மூழ்கியோ இறந்தால் அவருக்கு ஷஹீதின் அந்தஸ்து உண்டு என்று சொல்லியிருக்கிறார்கள். தண்டனை என்று பேச அங்கே என்ன இடம் இருக்கிறது? கேள்வி, உயிரோடு இருந்து திட்டம் போடுகிற நம்மைப் பற்றியது.

"அல்லாஹ் பார்த்துக்குவான்" என்ற சொல்லுக்கு வருவோம். சொல் சரிதான். சொல்கிற நேரம்தான் தப்பு. ஒட்டகத்தை அவிழ்த்து விட்டுவிட்டுத் தவக்குல் வைக்கட்டுமா என்று கேட்டவருக்கு, கட்டிவிட்டுத் தவக்குல் வை என்று நபியவர்கள் வழிகாட்டிய செய்தி திர்மிதியில் இருக்கிறது. நம் மதரஸா பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். உமர் (ரலி) அவர்களின் சம்பவத்தைப் பாருங்கள், அது இன்னும் நெருக்கமானது. ஷாம் தேசத்துக்குப் படையோடு போகிறார்கள். சர்க் என்ற இடத்தில், அங்கே கொள்ளை நோய் பரவியிருக்கிறது என்று தகவல் வருகிறது. ஆலோசனை கேட்டுவிட்டு, திரும்பிவிடலாம் என்று முடிவெடுக்கிறார்கள். அபூ உபைதா (ரலி) அவர்களுக்கு வருத்தம். அல்லாஹ்வின் விதியிலிருந்து ஓடுகிறீர்களா என்கிறார்கள். உமர் (ரலி) சொன்ன பதிலின் சாரம்: ஆமாம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய இன்னொரு விதிக்குப் போகிறோம். உன் ஒட்டகங்களோடு நீ ஒரு பள்ளத்தாக்கில் இறங்குகிறாய், ஒரு சரிவு பசுமை, மறு சரிவு வறட்சி. எதில் மேய்த்தாலும் அது அல்லாஹ்வின் விதிப்படிதானே! புகாரியில் பதிவான செய்தி இது.

கவனியுங்கள், உவமைக்கு உமர் (ரலி) எடுத்துக்கொண்டது பள்ளத்தாக்கின் இரண்டு சரிவுகளை. எந்தச் சரிவு என்று பார்த்துத் தேர்ந்தெடுப்பது களா கத்ரை மறுப்பது ஆகாது. அந்தப் பார்வையும் கத்ருக்குள் அடங்கியதுதான். அப்படியிருக்க, பார்க்காமல் இருப்பதற்கு ஈமான் என்று பெயர் வைத்துக்கொள்வது எப்படி?

நபியவர்கள் சின்னச் சின்ன விஷயத்தில்கூட இதைக் கற்றுத் தந்திருக்கிறார்கள். பயணத்தில் இரவு தங்கினால் பாதையில் தங்காதீர்கள், அது இரவில் விலங்குகளும் விஷ ஜந்துக்களும் நடமாடும் இடம் என்று முஸ்லிமில் ஒரு ஹதீஸ். பகலில் அந்தப் பாதையில் ஒன்றுமே தெரியாது. சமதளமாக, சுத்தமாக, கூடாரம் போட வசதியாக இருக்கும். ஆனால் ராத்திரி அந்த வழியாக என்ன வரும் என்று யோசித்துப் படு என்பது போதனை. மலையில் ஓடையும் அப்படித்தான். மாசி பங்குனியில் போய்ப் பார்த்தால் காய்ந்த பள்ளம். நிரவினால் அருமையான பார்க்கிங். ஆடி மாதத்து ராத்திரியில் அந்த வழியாக என்ன வரும்?

இப்போது பிக்ஹுக்கு வருகிறேன். நம் அரபிக் கல்லூரிகளில் ஓதிக்கொடுக்கும் ஹிதாயாவில், தியத் பாடத்தில், சாய்ந்த சுவரைப் பற்றித் தனியாகவே ஒரு பகுதி இருக்கிறது. மாணவனாக ஓதும்போது, இதற்கு எதற்கு இவ்வளவு பக்கம் என்றுதான் யாருக்கும் தோன்றும். பெட்டிமுடிக்குப் பிறகு அதை எடுத்துப் பார்த்தால் உடம்பு சிலிர்க்கிறது.

மஸ்அலா இதுதான். ஒருவருடைய சுவர் பொதுவழிப் பக்கம் சாய்கிறது. "உன் சுவர் சாய்ந்திருக்கிறது, இடித்துவிடு" என்று சொல்லி, அதற்குச் சாட்சியும் வைத்துவிட்டார்கள். இடிப்பதற்கு அவகாசமும் இருந்தது. அவர் இடிக்கவில்லை. சுவர் விழுந்து ஒருவர் இறந்துவிட்டார். அவர் பொறுப்பாவாரா? வெறும் கியாஸ்படி பார்த்தால் இல்லை. அவர் யாரையும் தள்ளவில்லை, சுவர் தானாக விழுந்தது. ஆனால் நம் ஹனஃபி இமாம்கள் இங்கே கியாஸை விட்டுவிட்டு இஸ்திஹ்ஸான்படி, அவர் பொறுப்பாளிதான் என்று தீர்ப்புச் சொன்னார்கள். மக்கள் நடக்கும் வழியின் மேல் தன் சுவரைச் சாய்த்து வைத்திருக்கிறார், சரி செய்யும் அதிகாரம் அவர் கையில் இருக்கிறது, சொல்லியும் செய்யவில்லை.

இதில் இரண்டு நுணுக்கங்கள் உண்டு. ஒன்று, எச்சரிப்பவர் யாராக இருந்தாலும் அந்த எச்சரிக்கை செல்லும். முஸ்லிமோ முஸ்லிமல்லாதவரோ, அந்த வழியில் நடக்கும் உரிமை எல்லோருக்கும் உண்டு, அதனால் கேட்கும் உரிமையும் எல்லோருக்கும் உண்டு. அப்படியானால், உங்கள் தோட்டத்தில் களை எடுக்கும் ஒரு அம்மா, "முதலாளி, மேல வெடிப்பு விட்டிருக்கு" என்று சொன்னால், அது மார்க்கத்தின் கண்ணில் உங்களுக்குக் கொடுக்கப்பட்ட நோட்டீஸ். "உனக்கென்ன தெரியும், போய் வேலையைப் பாரு" என்று சொன்னவருக்கு நாளை மஹ்ஷரில் அந்த அம்மாதான் சாட்சி.

இரண்டாவது நுணுக்கம் இன்னும் கனமானது. சுவர் பிறகு சாய்ந்தால்தான் எச்சரிக்கை தேவை. கட்டும்போதே சாய்வாகக் கட்டியிருந்தால் எச்சரிக்கையே தேவையில்லை. யாரும் வந்து சொல்லாவிட்டாலும் விழுந்த அன்றைக்கு அவர்தான் பொறுப்பு. கட்டியதே தவறு.

தெரிந்தே சரிவான மண்ணில், தெரிந்தே ஓடைப் பள்ளத்தில், மேலே என்ன இருக்கிறது என்று பார்க்காமல் கட்டுகிற கட்டடத்துக்கு இந்த இரண்டில் எது பொருந்தும்? அது ஃபத்வாவாக எழுத வேண்டிய விஷயம், ஒவ்வொரு இடத்துக்கும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். மிம்பரிலிருந்து ஒரே வரியில் சொல்லிவிட மாட்டேன். ஆனால் அந்த மூன்று சகோதரர்களுக்கு நான் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன். உங்கள் ஒப்பந்தத்தில் வட்டி இல்லை, அல்ஹம்துலில்லாஹ். வட்டி இல்லாததால் மட்டும் ஒரு வியாபாரம் ஹலாலாகிவிடாது. அடுத்தவருக்குத் தீங்கு செய்யவும் கூடாது, பதிலுக்குப் பதில் தீங்கு செய்யவும் கூடாது என்பது நபிமொழியிலிருந்து நம் இமாம்கள் எடுத்த அடிப்படை. லாபத்தை மூன்று பங்காகப் பிரித்துவிட்டீர்கள். ஆபத்தைப் பிரிக்கவே இல்லை. அது மொத்தமும் அந்தத் தகர ஷெட்டுக்குப் போய்விட்டது. அதில் படுக்கப் போகிறவர்களிடம் யாரும் கேட்கவும் இல்லை.

சூரா தவ்பாவில் 109-வது வசனத்தில் அல்லாஹ் ஓர் உவமை சொல்கிறான். இறையச்சத்தின் மீது அஸ்திவாரம் போட்டவனையும், வெள்ளம் அரித்து உள்ளே குடைந்த கரையின் விளிம்பில் கட்டியவனையும் ஒப்பிட்டுக் காட்டுகிறான். அந்தக் கட்டடம் கட்டியவனோடு சேர்ந்து நரகத்தில் சரிகிறது. அங்கே வரும் 'ஜுருஃப்' என்ற அரபிச் சொல்லுக்குப் பொருளே அதுதான்: மேலே பார்த்தால் கெட்டித் தரை, அடியில் தண்ணீர் தின்றுவிட்ட கரை. இடுக்கி மலையில் மண்ணுக்குள்ளேயே தண்ணீர் குழாய் மாதிரி ஓட்டை போட்டுக்கொண்டு போவதை மண்ணியல் அறிஞர்கள் பல இடங்களில் கண்டிருக்கிறார்கள். மேலே ஏலச் செடி செழிப்பாக நிற்கும். அடியில் வெறும் பொந்து.

மலை ஏன் சரிகிறது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பாறை மேல் ஒரு போர்வை மாதிரி மண் கிடக்கிறது. மழை விடாமல் பெய்யும்போது தண்ணீர் இறங்கி, பாறைக்கும் மண்ணுக்கும் நடுவில் தேங்குகிறது. மண் கனக்கிறது, பிடிப்பு விடுகிறது. அந்த மண்ணைப் பிடித்து வைத்திருப்பவை இரண்டு: மரத்தின் வேர், சரிவின் அடிக்கால். நாம் முதலில் கை வைப்பதும் அந்த இரண்டில்தான். வெளிச்சம் வேண்டும் என்று நிழல் மரத்தை வெட்டுகிறோம், இடம் வேண்டும் என்று அடிக்காலை ஜே.சி.பி. வைத்துச் செங்குத்தாக வெட்டுகிறோம். தோட்டத்துக்குத் தண்ணீர் வேண்டும் என்று மேட்டு உச்சியில் படுதாக் குளம் வெட்டி, லட்சக்கணக்கான லிட்டரை லயத்தின் தலைக்கு மேலே நிறுத்துகிறோம். தண்ணீர் தேவைதான், 2024 கோடையில் செடிகள் கருகியதை நானும் பார்த்தேன். குளம் வெட்டாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அது உடைந்தால் எந்த வழியாக இறங்கும், அந்த வழியில் யார் இருக்கிறார்கள் என்று பார்த்து வெட்டுங்கள்.

கேப் ரோட்டை எல்லோருக்கும் தெரியும். மூணாறிலிருந்து போடிமெட்டு வரை 42 கிலோமீட்டர் அகலப்படுத்தும் வேலையில் பாறையை உடைத்தார்கள். 2019-லும் 2020-லும் பெரிய பெரிய சரிவுகள். வேலை செய்தவர்கள் இறந்தார்கள், கீழே இருந்த விவசாய நிலங்களும் மண்ணுக்குள் போயின. ரோடு வேண்டாம் என்று யார் சொல்வார்? நம் ஊர்ப் பிழைப்பே அந்த ரோடுதான். ஆனால் நபியவர்கள் கப்பலின் இரண்டு தளத்தைப் பற்றிச் சொன்ன உவமை இருக்கிறதே, கீழ்த் தளத்தார் தண்ணீருக்காக அடியில் ஓட்டை போட, மேலே இருப்பவர்கள் தடுக்காமல் விட்டால் எல்லோரும் மூழ்குவார்கள் என்று, அது மலையில் தலைகீழாக நடக்கிறது. ஓட்டை போடுவது மேலே இருப்பவர், மூழ்குவது கீழே இருப்பவர். அதனால்தான் இங்கே ஓட்டை போட யாரும் பயப்படுவதில்லை.

நம் முன்னோர் காலத்துக் கதை ஒன்று. மூணாறுத் தேயிலையைக் குண்டளை வழியாக டாப் ஸ்டேஷனுக்குக் கொண்டுவர வெள்ளைக்காரர்கள் ரயிலே போட்டார்கள். அங்கிருந்து ரோப்வேயில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிக்கு வரும். 1924 ஜூலையில் வந்த பெருவெள்ளத்தில் அந்த ரயில் பாதை உருத்தெரியாமல் போயிற்று. மலையாளத்தார் 99-ஆம் ஆண்டு வெள்ளம் என்பார்கள். திரும்ப அந்த ரயிலைப் போடவே இல்லை. இத்தனை மூலதனமும் இஞ்சினியர்களும் வைத்திருந்தவர்களுக்கே அந்த மலை கொடுத்த பதில் அது. நாம் நாலு காட்டேஜுக்குக் கடன் வாங்கி நிற்கிறோம்.

2019 ஆகஸ்டில் ஏலக்காய் ஏலத்தில் கிலோ 7000 ரூபாய் போனதே, ஞாபகம் இருக்கிறதா? அந்த நாட்களில் போடி கடைத்தெருவில் நடந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்படிக் காசு வரும்போது செங்குத்து மேடுகூட சமதளமாகத்தான் கண்ணுக்குத் தெரியும். பிறகு மூன்று வருடத்துக்குள் விலை ஆயிரத்துக்குக் கீழே வந்தது. சூரா கஹ்ஃபில் இரண்டு தோட்டக்காரனின் வரலாறு இதைத்தான் பேசுகிறது. இந்தத் தோட்டம் என்றைக்கும் அழியாது என்று நினைத்தான். இது கால் வழுக்கும் வெற்றுத் தரையாகலாம், இதன் நீர் ஆழத்தில் இறங்கிப் போகலாம் என்று தோழர் எச்சரித்தார். வழுக்கும் தரை, வற்றிய நீர், இரண்டையும் நம் மலையில் இந்தச் சில வருடத்துக்குள் பார்த்துவிட்டோம்.

மழை மட்டுமல்ல. 2018 மார்ச் 11, குரங்கணி. மலையேற வந்த பிள்ளைகள் காட்டுத்தீயில் சிக்கி இருபதுக்கும் மேற்பட்டவர்கள் உயிரிழந்தார்கள். மார்ச்சில் புல் காய்ந்து கிடக்கும், காற்று அடித்தால் தீ மேட்டைப் பார்த்து ஓடும், இது குரங்கணியில் ஆடு மேய்க்கிற பையனுக்கும் தெரியும். ஒரு மலைக்கு ஒரு மாதம் ஏற்ற மாதமா இல்லையா என்பது உள்ளூர்க்காரனின் அறிவு. ஜீப் ஓட்டுகிற, வழிகாட்டுகிற, தங்க இடம் கொடுக்கிற நம் சகோதரர்களிடம் அது அமானத்தாக இருக்கிறது. வாடகை போய்விடுமே என்று அதைச் சொல்லாமல் விழுங்கினால் அது கியானத். பொருளின் குறையை மறைத்து விற்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

என்ன செய்வது ஹஸ்ரத் என்று கேட்பீர்கள். இடம் வாங்குமுன் அந்தப் பக்கத்து வயசாளிகளிடம் உட்காருங்கள். எந்த ஓடை எந்த வருடம் எங்கே பாய்ந்தது என்று அவர்களுக்குத் தெரியும். இந்திய புவியியல் ஆய்வுத் துறை நிலச்சரிவு வாய்ப்புள்ள பகுதிகளின் வரைபடத்தை இணையத்திலேயே இலவசமாக வைத்திருக்கிறது. பேரக் குழந்தையிடம் சொன்னால் எடுத்துக் காட்டும். நம் தமிழ்நாட்டுப் பக்கம் மலைக் கிராமங்களில் கட்டுவதற்கு ஹாகா என்கிற மலையிடப் பாதுகாப்பு ஆணையத்தின் அனுமதி இருக்கிறது. அதைத் 'தொந்தரவு' என்று நினைத்து, ஆள் பிடித்துத் தாண்டுவதையே கெட்டிக்காரத்தனமாகப் பேசுகிறோம். அந்தப் பேப்பரில் கேட்கிற கேள்விகள் அல்லாஹ் கேட்கப் போகிற கேள்விகள்தான். காட்கில் குழு 2011-ல் அறிக்கை தந்தபோது மலைப்பக்கம் எவ்வளவு எதிர்ப்பு! நிலம் போய்விடும் என்ற பயத்தில் நியாயம் இருந்தது, நான் மறுக்கவில்லை. ஆனால் அந்த அறிக்கையில் என்ன எழுதியிருக்கிறது என்று படித்துவிட்டு எதிர்த்தவர்கள் நம்மில் எத்தனை பேர்?

தோட்டம் வைத்திருப்பவர்கள் ஒரு மழைமானி வையுங்கள். வயநாட்டில் ஹியூம் மையம் என்ற ஒரு நிறுவனம் இருநூறுக்கும் மேற்பட்ட இடங்களில் மழை அளவை எடுத்துச் சேர்க்கிறது. விவசாயிகளும் அதில் பங்கெடுக்கிறார்கள். அந்தக் கணக்கை வைத்துத்தான் 2024-ல் சரிவுக்கு முந்தின நாளே எச்சரிக்கவும் செய்தார்கள். அளவு தெரிந்தால், இன்றைக்கு ராத்திரி லயத்தில் யாரும் படுக்க வேண்டாம் என்று முடிவெடுக்க முடியும். ஒரு நாள் வேலை கெடும். கெடட்டும். ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினாலோ, ஓடிக்கொண்டிருந்த ஓடை மழையிலேயே சட்டென்று நின்றாலோ, இல்லாத இடத்தில் ஊற்று கிளம்பினாலோ, மரமோ கரண்டுக் கம்பமோ சாய்ந்தாலோ, அளவெடுக்கவெல்லாம் நிற்காதீர்கள். ஆட்களைக் கிளப்புங்கள்.

அதிகாலையில் ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு முந்தல் செக்போஸ்ட் தாண்டிப் போகிற நம் தாய்மார்கள், சகோதரிகள் இருக்கிறார்களே, அவர்களுக்கு இந்தப் பயான் போய்ச் சேராது. அவர்கள் ஜும்ஆவுக்கு வருகிறவர்கள் இல்லை, பெரும்பாலோர் முஸ்லிம்களும் இல்லை. அவர்களை அனுப்புகிற, கூட்டிப்போகிற, சம்பளம் கொடுக்கிற ஆண்கள் இந்த ஸஃப்புகளில் இருக்கிறீர்கள். சிவப்பு எச்சரிக்கை விட்ட நாளில் அந்த 17 கொண்டை ஊசி வளைவில் ஜீப் ஏறக் கூடாது. அன்றைய கூலியில் பாதியாவது கொடுத்து வீட்டில் இருக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் பசிக்குப் பயந்து அவர்களே ஏறி உட்காருவார்கள்.

அந்த மூன்று சகோதரர்களும் ஷெட்டை ஓடைப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுவதாகச் சொல்லியிருக்கிறார்கள். காட்டேஜ் விஷயத்தில் மண் பரிசோதனை செய்யும் இஞ்சினியர் ஒருவரை வரவழைக்கிறார்கள். அவர் வேண்டாம் என்று சொன்னால் போட்ட அட்வான்ஸ் போகும். அதற்கும் தயாராக இருக்கிறார்கள் என்று நம்புகிறேன். அவர்களுக்காக துஆ செய்யுங்கள்.

தென்மேற்குப் பருவம் தொடங்க இன்னும் சில நாட்கள்தான் இருக்கின்றன. வருகிற ஞாயிற்றுக்கிழமை மஃரிபுக்குப் பிறகு, மலையில் தோட்டமோ, கட்டடமோ, ஜீப்போ வைத்திருப்பவர்கள் மதரஸா ஹாலில் உட்காருவோம். உங்கள் இடத்தின் சர்வே நம்பரையும், அங்கே இரவு தங்குகிற ஆட்களின் எண்ணிக்கையையும் எழுதிக்கொண்டு வாருங்கள். எண்ணிக்கை தெரியாதவர்கள் முதலில் போய் எண்ணிவிட்டு வாருங்கள். மாற்று மதச் சகோதரர்களையும் அழைத்து வாருங்கள், இன்ஷா அல்லாஹ்.

யா அல்லாஹ்! இந்த மழையை எங்களுக்கு ரஹ்மத்தாக ஆக்குவாயாக. மலையில் இன்றிரவு உறங்கப் போகிற ஒவ்வோர் உயிரையும் பாதுகாப்பாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.